பாவைக்குள் ஒரு பாவை

தமிழில் ‘பாவை’ என்னும் சொல் பொம்மையையும் குறிக்கும். கண்ணின் கருமணியையும் குறிக்கும். எதிரே அமர்ந்திருப்பவரின் கண்ணை அருகிலிருந்து உற்று நோக்கினால், நோக்குபவரின் உருவமே அந்தக் கருமணிக்குள் எள்ளளவு பொம்மையாகத் தெரியும். இரண்டுக்கும் ஒரே பெயர் அமைந்ததன் அழகு அங்கேதான் விளங்குகிறது. கொலுப் பொம்மைக்கு முகம் எழுதும் கைவினைஞரோ இந்தச் சொல்லின் இரு பொருளையும் ஒரே நேரத்தில் கையாளுகிறவர். ஒரு சாண் பாவையின் முகத்தில் ஒரு கடுகளவுப் பாவையை அவர் வைக்கிறார். அது சரியான இடத்தில் விழுந்தால் மண் நம்மைப் பார்க்கிறது; ஒரு நூலிழை விலகினால் மண் மண்ணாகவே நின்றுவிடுகிறது.

மகாளய அமாவாசை நெருங்கும் நாட்களில் பரண்மேல் உறங்கும் பெட்டிகள் கீழே இறங்கும். வைக்கோலும் பழந்துணியும் விலக்கப்பட்டு, ஓராண்டாக முகம் காட்டாத மூர்த்திகள் ஒவ்வொன்றாக வெளியே வரும். பல இல்லங்களில் அந்த நாளில் ஒரு சிறு துயரமும் உடன் வருவதுண்டு. அம்மா சீராகக் கொண்டுவந்த மீனாட்சி. பாட்டி காலத்து ராமர் செட்டு. கல்யாணமான முதல் நவராத்திரிக்கு வாங்கிய கிருஷ்ணர். உடல் முழுதாக இருக்கும். கிரீடமும் புடைவைக் கரையும் பளிச்சென்று இருக்கும். முகத்தில் மட்டும் வண்ணம் செதில் செதிலாக உதிர்ந்து, ஒரு கண் மறைந்திருக்கும். ‘இதைப் படியில் வைக்கலாமா? வேறு யாரிடமாவது கொடுத்து எழுதச் சொன்னால், அம்மா கும்பிட்ட அதே முகமாக இருக்குமா?’ என்ற கேள்வி வீட்டுப் பெரியவர்களின் மனத்தில் எழும். பிள்ளைகளோ, ‘புதிதாக ஒன்று வாங்கிவிடலாமே’ என்பார்கள்.

முதலில் சாஸ்திரக் கவலையைத் தீர்த்துவிடலாம். ஆலயத்தில் பிரதிஷ்டை செய்யப்பட்ட திருமேனியைத் தொட்டுப் புதுப்பிப்பதற்குப் பாலாலயம் முதலான விதிகள் உண்டு. கொலுப் பொம்மைக்குப் பிராணப் பிரதிஷ்டை செய்யும் வழக்கம் பொதுவாக இல்லை. அம்பிகையை ஆவாகனம் செய்வது கலசத்தில்தான். ஆகவே உதிர்ந்த முகத்தை மீண்டும் எழுதுவதில் தோஷம் எதுவும் இல்லை. ஆயினும் கண்ணைத் தொடும்போது கை சற்றுத் தயங்குவது இயல்பு. அந்தத் தயக்கத்துக்கு நீண்ட மரபு உண்டு.

ஆலயத் திருமேனிகளுக்குக் கண் திறப்பதை ‘நயனோன்மீலனம்’ என்று ஆகமங்கள் கூறும். மற்ற அங்கங்கள் யாவும் நிறைவுற்ற பின்னர், ஸ்தபதி பொன்னூசியால் கண்ணின் கோடுகளைத் திறப்பார். திறந்த கண்ணின் முதற்பார்வை மங்கலப் பொருள்கள்மீதே விழவேண்டும் என்பதற்காகப் பசுவும் கன்றும், கன்னியரும், தானியக் குவியலும், கண்ணாடியும் எதிரே காட்டப்படும். இலங்கையின் பௌத்த விகாரைகளிலும் இதற்கு இணையான சடங்கு உண்டு. ‘நேத்ர மங்கல்ய’ என்பது அதன் பெயர். அங்கே சித்திரக்காரர் சிலையை நேருக்கு நேர் நோக்காமல், கண்ணாடியில் தெரியும் பிம்பத்தைப் பார்த்தபடியே கண்ணை எழுதுவார். ஆனந்த குமாரசுவாமி 1908-இல் வெளியிட்ட இடைக்காலச் சிங்களக் கலை பற்றிய நூலில் இது விவரிக்கப்பட்டுள்ளது. வங்கத்தில் துர்க்கையின் மண் திருமேனிக்குக் கண் எழுதும் நிகழ்ச்சியைச் ‘சொக்குதான்’, அதாவது கண் வழங்குதல், என்பர். அது மரபாக நிகழும் நாள் மகாளய அமாவாசை. தமிழ்நாட்டில் கொலுப் படி கட்டத் தொடங்கும் அதே நாளில், கொல்கத்தாவின் குமார்துலியில் அன்னை கண் திறக்கிறாள்.

இனி, அளவு. சிறிய பொம்மையின் முகம் ஏன் இத்தனை கடினம் என்பது கணக்குப் போட்டால் உடனே விளங்கும். ஐந்தரை அடி உயரமுள்ள மனிதரின் கருவிழி வட்டம் ஏறத்தாழ 12 மில்லிமீட்டர். அவரையே 15 சென்டிமீட்டர் பொம்மையாகச் செய்தால், பதினொன்றில் ஒரு பங்கு. கருவிழி 1 மில்லிமீட்டரை ஒட்டி வந்துவிடும். மனித முகத்தின் அகலம் ஐந்து கண்களின் அகலம் என்பது ஓவியர் கணக்கு. அதன்படி அந்தப் பொம்மையின் ஒரு கண் இரண்டரை மில்லிமீட்டர்தான், ஓர் அரிசியின் பாதி நீளம்கூட இராது. அதற்குள் வெண்விழி, கருவிழி, மேலிமையின் கோடு, கீழிமையின் சாயல், ஒளிப்புள்ளி ஆகிய ஐந்தும் அடங்கவேண்டும். பெரிய ஓவியத்தில் கை அரை மில்லிமீட்டர் நழுவினால் எவர் கண்ணிலும் படாது. இங்கே அரை மில்லிமீட்டர் என்பது பாதிக் கருவிழி; அம்பாளுக்கு மாறுகண் வந்துவிடும்.

சிற்ப நூல்கள் இந்தச் சிக்கலுக்குத் தாளமானத்தால் வழி செய்து வைத்திருக்கின்றன. ஒரு முகத்தின் நீளம் ஒரு தாளம். ஒரு தாளத்துக்குப் பன்னிரண்டு அங்குலம். இந்த அங்குலம் அந்தந்தத் திருமேனியின் அளவிலிருந்தே எடுக்கப்படுவதால், ஒரு சாண் பொம்மைக்கும் ஒன்பதடிச் சிலைக்கும் கணக்கு ஒன்றேதான். முகம் மூன்று சம பாகமாகப் பிரியும்: நெற்றி, மூக்கு, மூக்கின் கீழிருந்து மோவாய் வரை; ஒவ்வொன்றும் நான்கு அங்குலம். மும்மூர்த்திகளுக்கு உத்தம தசதாளம், தேவியருக்கு மத்திம தசதாளம், பிள்ளையாருக்குப் பஞ்சதாளம் என்று பாகுபாடும் உண்டு. கயல் போன்ற கண், வில் போன்ற புருவம், எள்ளுப்பூப் போன்ற நாசி, மாங்கொட்டை போன்ற மோவாய் என்ற உவமைகளை நாம் கவிநயம் என்று எண்ணிக் கடந்துவிடுகிறோம். பட்டறையில் அவை வரைபடம். கயல் என்றதும் கைவினைஞரின் தூரிகை எங்கே வளைந்து எங்கே கூர்மையாக முடியவேண்டும் என்பதை அறிந்துகொள்கிறது.

ஆனால் கொலுவில் தெய்வங்கள் மட்டும் இல்லை. கீழ்ப்படியில் பருப்பும் அரிசியும் பரப்பிவைத்து அமர்ந்திருக்கும் செட்டியாரும் அவர் மனைவியும் எந்தத் தாளமானத்துக்கும் கட்டுப்பட்டவர்கள் அல்லர். அவருடைய தொந்தியும், கன்னத்துச் சதையும், கணக்குப் பார்த்தபடியே சிரிக்கும் அந்தச் சிரிப்பும் கடைவீதியில் கண்டு எழுதியவை. காவடி எடுப்பவர், நாதசுரம் வாசிப்பவர், குறி சொல்லும் குறத்தி ஆகியோரும் அப்படியே. தெய்வத்தின் முகம் இலக்கணத்திலிருந்து பிறக்கிறது. மனிதரின் முகம் கவனிப்பிலிருந்து பிறக்கிறது. இரண்டையும் ஒரே குடும்பம், ஒரே தூரிகையால், ஒரே வாரத்தில் செய்கிறது என்பதை நினைக்கும்போதுதான் வியப்பு மிகுகிறது.

கவனிப்பிலிருந்து பிறக்கும் முகங்களின் உச்சத்தைக் காண வங்கத்துக்குத்தான் செல்லவேண்டும். சைதன்ய மகாபிரபு அவதரித்த நவத்வீபம் அமைந்துள்ள அதே நதியா மாவட்டத்தில், ஜலங்கி ஆற்றங்கரையில் கிருஷ்ணநகரம் இருக்கிறது. அதன் ஒரு பகுதியான கூர்ணியில் குயவர் குலத்துக் கலைஞர்கள் வாழ்கிறார்கள். 18-ஆம் நூற்றாண்டில் மகாராஜா கிருஷ்ணசந்திரரின் ஆதரவில் வளர்ந்த கலை அது. சில அங்குல உயரத்தில் ஓர் உழவர், ஒரு நெசவாளி, ஒரு புரோகிதர், தண்ணீர் சுமப்பவர். அவர்களுடைய உடலில் நரம்பு தெரியும், கழுத்தில் சுருக்கம் தெரியும், வெயிலில் காய்ந்த நெற்றிக்கும் துணி மூடிய தோளுக்கும் உள்ள நிற வேறுபாடுகூடத் தெரியும். 1851-இல் லண்டனில் நடந்த மாபெரும் கண்காட்சிக்கு இப்பொம்மைகள் சென்றன. இன்றும் அயல்நாட்டு அருங்காட்சியகங்களில் அவற்றைக் காணலாம். ஆளும் அந்நியருக்கு அவை நம் மக்களின் மாதிரிகளாகத் தோன்றியிருக்கக்கூடும்; செய்தவருக்கு அவர்கள் அண்டைவீட்டார்.

இந்த உண்மைத்தன்மையைத் தெய்வ முகத்துக்கும் கொண்டுவரலாமா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. ரவிவர்மா 1894-இல் பம்பாயில் அச்சகம் தொடங்கி, லட்சுமியையும் சரஸ்வதியையும் சதையும் சாயலுமாக இல்லந்தோறும் அனுப்பிவைத்தார். நம் பக்கத்தில் கோவில்பட்டி கொண்டையராஜுவும் அவர்தம் சீடர்களும் எழுதிய காலண்டர்ப் படங்கள் அந்த முகங்களைத் தமிழாக்கின. ஐம்பது, அறுபது ஆண்டுகளுக்கு முன்னர் செய்யப்பட்ட பல கொலுப் பொம்மைகளில் அந்தக் காலண்டர் முகத்தின் சாயலைக் காணலாம்: வட்ட முகம், சற்றே சரிந்த இமை, கருணை. அதுவரை நன்று. அண்மைக் காலத்துப் பொம்மைகள் சிலவற்றில் அம்பாளின் முகம் விளம்பரத் தட்டியில் நகை அணிந்து நிற்கும் மாதரின் முகமாக மாறிவருவதை நன்று என்று சொல்ல இயலாது. செயற்கை இமைமயிர், பளபளக்கும் உதட்டுச் சாயம், ஓரப்பார்வை. மாமல்லபுரத்து மகிஷமர்த்தினிக் குகையில் 7-ஆம் நூற்றாண்டின் சிற்பி, எட்டுக் கரங்களுடன் சிங்கத்தின்மீது அமர்ந்து போரிடும் தேவியின் முகத்தில் சினத்தின் ஒரு சுருக்கத்தையும் வைக்கவில்லை. சினம் அசுரனுடையது. உண்மை போன்ற முகம் என்றால் தோலின் நிழல் மட்டுமா, அகத்தின் அமைதியும் சேர்ந்ததா என்பதற்கு அந்தக் கல்லே விடை.

தமிழ்நாட்டில் பண்ருட்டி, கடலூர் வண்டிப்பாளையம், மதுரையை அடுத்த விளாச்சேரி, காஞ்சிபுரம், சென்னைக் கொசப்பேட்டை ஆகிய இடங்கள் கொலுப் பொம்மைகளுக்குப் பெயர்பெற்றவை. ஏரி மண்ணைப் பிசைந்து, இரு பாதி அச்சில் அழுத்தி, இணைத்து, நிழலில் உலர்த்திச் சூளையில் சுட்டு எடுப்பது மண் பொம்மை. காகிதக் கூழில் செய்வது மற்றொரு வகை. பிறகு வெள்ளை பூசி, அதன்மேல் வண்ணம். ஆந்திரத்துக் கொண்டபல்லியில் ‘தெல்ல பொனிகி’ என்னும் இலகுவான மரத்தைக் குடைந்து, புளியங்கொட்டைப் பசையும் மரத்தூளும் கலந்த விழுதால் அங்கங்களை ஒட்டி, அதன்மேல் சுண்ணம் பூசி எழுதுவார்கள். நம் வீட்டு மரப்பாச்சிக்கோ இந்தப் பூச்செல்லாம் தேவையில்லை. செம்மரமே அதன் நிறம், பார்க்கும் குழந்தையின் மனமே அதன் முகம்.

பட்டறைகளில் ஆடைக்கும் நகைக்கும் வண்ணம் தீட்டப் பல கைகள் இருக்கும். கண் எழுதுவது பெரும்பாலும் குடும்பத்தில் தேர்ந்த ஒருவரின் வேலை. ஒரு வரிசைப் பொம்மைகளுக்கு மற்ற எல்லாம் முடிந்து, அவை குருடாக வெயிலில் காத்திருக்கும். காலை வெளிச்சத்தில் அவர் வந்து அமர்வார். ஒரே அச்சில் பிறந்த நூறு முருகர்களில் எந்த இருவரும் ஒரேவிதமாகப் பார்ப்பதில்லை என்றால், காரணம் அந்தக் கைதான்.

எழுதும் முறையை அறிந்துகொள்வது வாங்குவோருக்கும் பயன்படும். வீட்டிலேயே பழைய பொம்மையைச் சீர்செய்ய விழைவோருக்கும் பயன்படும்.

முதலில் தோலின் நிறம். வெள்ளையோடு மஞ்சட்காவியும் செங்காவியும் கலந்தால் மனித நிறத்தின் எல்லாப் படிகளும் கிடைக்கும். நிழலுக்குக் கறுப்பைக் கலப்பதே பழகாதவர் செய்யும் முதற்பிழை. முகம் அழுக்கேறியதுபோல் ஆகிவிடும். அதே நிறத்தோடு இன்னும் கொஞ்சம் செங்காவி கலந்தால் நிழல் உயிருள்ளதாக இருக்கும். பச்சை நிற மீனாட்சிக்கு அடர்பச்சையில் ஒரு துளி பழுப்பு. நீல நிறக் கண்ணனுக்கு ஆழ்ந்த நீலம். பச்சை முகத்தில் பச்சைச் சிவப்பாக உதட்டை எழுதினால் ஒட்டவைத்ததுபோல் துருத்தி நிற்கும். உதட்டின் சிவப்பிலும் சற்றுப் பழுப்பு கலக்கவேண்டும்.

நிழலை ஏன் எழுதவேண்டும், வெளிச்சம் தானே நிழலைத் தராதா என்று கேட்கலாம். நம் முகத்தில் கண்குழியின் ஆழம் ஓர் அங்குலத்துக்கு அருகில். அதில் வெளிச்சம் விழாத இடம் கண்ணுக்குப் புலப்படும். ஒரு சாண் பொம்மையில் அந்தக் குழி ஓரிரு மில்லிமீட்டர்தான். விளக்கொளி எல்லாப் பக்கமும் புகுந்து அதை நிரப்பிவிடும். முகம் தட்டையாகத் தோன்றும். ஆகவே புருவத்தின் கீழும், மூக்கின் இருபுறமும், கீழுதட்டின் அடியிலும், மோவாய்க்குக் கீழேயும் நிழலைக் கையால் எழுதியே தீரவேண்டும். நெற்றியின் நடு, மூக்குத்தண்டு, கன்னத்தின் மேடு, மோவாயின் நுனி ஆகியவற்றில் சற்று வெளிர்நிறம். இயல்பில் இருப்பதைவிட இவை இரண்டையும் ஓரளவு மிகைப்படுத்தினால்தான் நான்கடித் தொலைவிலிருந்து இயல்பாகத் தெரியும். செட்டியாரின் முகச் சுருக்கத்துக்குக் கோடு கோடாக வரைவதைவிட, நீர்த்த பழுப்பை முகத்தில் ஓடவிட்டு மேட்டுப் பகுதியைப் பஞ்சால் துடைப்பது மேல். பள்ளத்தில் தங்குவது மட்டும் சுருக்கமாகத் தெரியும்.

பிறகு கண். வெண்விழி என்று பெயர் இருப்பினும் அது வெண்மை அன்று. தூய வெள்ளையைத் தீட்டினால் பொம்மை திடுக்கிட்டதுபோல் விழிக்கும். ஒரு துளி மஞ்சட்காவி கலந்த தந்த நிறமே பொருந்தும். கருவிழியை வட்டமாக நடுவில் வைத்து, சுற்றிலும் வெண்மை தெரியுமாறு விட்டால் அது அச்சத்தின் பார்வை, அல்லது சினத்தின் பார்வை. மகிஷாசுரனுக்கு அது பொருந்தும். அமைதியான முகத்தில் மேலிமை கருவிழியின் உச்சியை மூடியிருக்கும். கீழிமை அதன் அடியைத் தொட்டுக்கொண்டிருக்கும். எனவே வட்டம் முழுவட்டமாகவே தெரியாது. மேலிமைக்கு அழுத்தமான கோடு, மை தீட்டியதுபோல். கீழிமைக்கு அதே அழுத்தத்தில் கோடு இட்டால் கண் அடைபட்டுவிடும். மெல்லிய பழுப்புச் சாயல் போதும். பழகிய கைகள், தமக்கு எளிதல்லாத பக்கத்துக் கண்ணை முதலில் எழுதிவிட்டு, எளிதான பக்கத்தை அதற்கு இணையாக அமைக்கும். இடத்தைத் தலைகீழாக மாற்றிச் செய்தவர் இரண்டாவது கண்ணில் திணறுவார்.

இறுதியாக ஒளிப்புள்ளி. வெளிச்சம் ஒரே திசையிலிருந்து வருவதால், இரண்டு கருவிழிகளிலும் அந்தப் புள்ளி ஒரே பக்கத்தில் அமையவேண்டும். ஒன்றில் இடப்புறமும் மற்றொன்றில் வலப்புறமும் வைத்தால், என்ன பிழை என்று சொல்லத் தெரியாமலே பார்ப்பவர் மனம் சங்கடப்படும். அது உலர்ந்தபின், தோலை மங்கலாகவே விட்டுவிட்டு, கண்ணின்மேல் மட்டும் ஒரு துளி வார்னிஷ் வைப்பது ஒரு நுட்பம். முகமெங்கும் எனாமல் பளபளத்தால் கண்ணின் ஈரம் காணாமற்போகும்.

புருவம் சிறிய உறுப்பு. பாவத்தை ஆள்வதென்னவோ அதுதான். உள்முனை கீழிறங்கினால் சினம், உள்முனை மேலேறினால் சோகம். அசோகவனத்துச் சீதையையும் பட்டாபிஷேகச் சீதையையும் ஒரே அச்சில் வார்த்துப் புருவத்தால் மட்டுமே வேறுபடுத்திவிடலாம். உதட்டிலும் ஓர் உண்மை உண்டு. மேலுதடு கீழ்நோக்கிச் சரிந்திருப்பதால் இருண்டும், கீழுதடு வெளிச்சத்தை ஏற்பதால் ஒளிர்ந்தும் இருக்கும். இரண்டையும் ஒரே சிவப்பால் நிரப்புவது அவசர வேலையின் அடையாளம். கண்ணனின் குறும்பு உதட்டின் நடுவில் இல்லை. இரு ஓரங்களிலும் வைக்கும் ஊசிமுனை அளவு நிழலில் இருக்கிறது.

கோபுரத்துச் சுதை உருவங்களில் இதற்கு நேர்மாறான இலக்கணத்தைக் காணலாம். குடமுழுக்குக்குச் சாரம் கட்டியிருக்கும் சமயத்தில் அருகிலிருந்து பார்த்தவர்களுக்குத் தெரியும்: துவாரபாலகரின் கண்கள் மிதமிஞ்சிப் பிதுங்கியிருக்கும், கோடுகள் முரட்டுத்தனமாக இருக்கும். நூறடிக்குக் கீழே தெருவில் நிற்பவருக்காக எழுதப்பட்ட கண்கள் அவை. கொலுப் பொம்மை மூன்று, நான்கு அடியில் அமர்ந்து பார்ப்பவருக்கு. அதிலும் மேற்படியில் அமரும் பொம்மையின் பார்வை சற்றே தாழ்ந்திருந்தால், கீழே தரையில் அமர்ந்து பாடும் குழந்தைக்கு அது தன்னையே பார்ப்பதாகத் தோன்றும். படி மாற்றி வைத்துப் பார்த்தால் இந்த வேறுபாட்டை எவரும் உணரலாம்.

இனி, அந்தப் பழைய மீனாட்சி. முதலில் செய்யக்கூடாதது, ஈரத்துணியால் துடைப்பது. பழைய பொம்மைகளின் வண்ணம் பசையில் குழைத்தது. நீர் பட்டால் எஞ்சியதும் கரைந்து துணியோடு வந்துவிடும். சுதைத் திருமேனியாக உள்ள மூலவருக்கு அபிஷேகம் செய்யாமல் தைலக்காப்போடு நிறுத்திக்கொள்ளும் ஆலய மரபை நினைத்துக்கொள்ளலாம். மென்மையான உலர்ந்த தூரிகையால் தூசியை மட்டும் தட்டுவது போதும். எந்த வண்ணம் என்று அறிய, பீடத்தின் அடியில் ஈரப்பஞ்சால் ஒருமுறை தொட்டுப் பார்க்கலாம்.

அடுத்தது, எஞ்சியிருக்கும் முகத்தை நல்ல வெளிச்சத்தில் நேராகவும் இருபக்கமும் படம் எடுத்து வைப்பது. பேரனோ பேத்தியோ கைப்பேசியில் எடுத்துப் பெரிதாக்கிக் காட்டினால், வெறுங்கண்ணால் காணாத இமைக்கோட்டின் வளைவு தெரியவரும். ஒரு கண் மிஞ்சியிருந்தால் அதைத் தொடவே வேண்டாம். அம்மா கும்பிட்ட பார்வை அதில் இருக்கிறது. இழந்த கண்ணை அதற்கு இணையாக எழுதுவதே முறை. புதுப்பிக்கக் கொடுக்கும் இடத்திலும் இதைத் தெளிவாகச் சொல்லவேண்டும். சொல்லாவிட்டால் முழு முகத்துக்கும் புதுப்பூச்சு அடித்துப் புத்தம்புதிதாகத் தருவார்கள். மீனாட்சி வருவாள், அந்த மீனாட்சி வரமாட்டாள். இரண்டு கண்ணும் போய்விட்டதென்றால், பழைய நவராத்திரிப் புகைப்படம் எதிலாவது பின்னணியில் அவள் இருக்கிறாளா என்று தேடுவது பயனளிக்கும்.

தாமே எழுத விரும்புவோர் அக்ரிலிக் வண்ணத்தைப் பயன்படுத்தலாம். உலரும்வரை நீரில் கரையும். கை தவறினால் ஈரப்பஞ்சால் உடனே ஒற்றி எடுத்துவிடலாம். உலர்ந்தபின் அசையாது. மங்கலான பார்வைக்கு உருப்பெருக்கிக் கண்ணாடியும், நடுங்கும் கைக்கு ஊன்றுகோலும் தேவை. முழங்கையை மேசையில் ஊன்றி, சுண்டுவிரலைப் பொம்மையின் தோளில் வைத்து, மற்ற விரல்களால் தூரிகையைப் பிடித்தால் நடுக்கம் பாதியாகும். மூச்சை வெளியே விட்டு, அடுத்த மூச்சு இழுக்கும் முன்னர் உள்ள அந்தச் சிறு இடைவெளியில் கோட்டை இழுக்கவேண்டும். ஜபம் செய்து பழகியவர்களுக்கு அந்த இடைவெளி புதிதன்று. முதலில் உடைந்த ஓட்டுத் துண்டில் இருபது கண்களாவது எழுதிப் பார்ப்பது நலம்.

புதிதாக வாங்குவோர் பொம்மையைக் கையில் எடுத்து நகை வேலையைப் பார்த்து மயங்குவது வழக்கம். கீழே வைத்துவிட்டு நான்கடி பின்னே சென்று, முகத்தை மட்டும் பார்க்கவேண்டும். இரண்டு கண்களும் ஒரே இடத்தை நோக்குகின்றனவா? இடப்புறமாக ஓரடி நகர்ந்தால் முகம் கோணுகிறதா? ஒரே வரிசையில் இருபது பொம்மைகள் இருந்தால் இருபதையும் பார்ப்பதில் தவறில்லை. நல்ல முகத்துக்கு ஐம்பது ரூபாய் கூடுதலாகக் கேட்டால் பேரம் பேசாமல் கொடுத்துவிடலாம். கண் எழுதும் கைக்குச் சேரவேண்டியது அது.

விஜயதசமி இரவு ஒரு பொம்மையைப் படுக்கவைத்து, மறுநாள் எல்லாவற்றையும் எடுத்து வைக்கும்போதுதான் பெரும்பாலான முகங்கள் பழுதடைகின்றன. செய்தித்தாளை நேராக முகத்தில் சுற்றினால் அச்சுமை கன்னத்தில் ஒட்டிக்கொள்ளும். பிளாஸ்டிக் உறையில் போட்டால் ஈரம் உள்ளேயே தங்கி, வண்ணம் செதிலாக எழும். நன்றாகத் துவைத்து உலர்ந்த பழைய மல் வேட்டியைக் கிழித்து, முதல் சுற்று முகத்துக்கு அதையே சுற்றவேண்டும். அதன்மேல் செய்தித்தாள், அதன்மேல் வைக்கோல். பெட்டியில் முகம் மேல்நோக்கி இருக்குமாறு கிடத்தி, வெளியே எந்தப் பக்கம் மேல் என்று எழுதிவைத்தால், அடுத்த ஆண்டு பெட்டியை இறக்குபவர் யாராக இருந்தாலும் தலைகீழாகப் பிடிக்கமாட்டார்.